நான்கு லட்சம் தூண்களும் 200 ஃபெம்டோ நொடியும்: தட்டையான ஒரு லென்ஸின் கதை

2016 ஜூனில் ஹார்வர்டில் இருந்து ஒரு லென்ஸ் வெளிவந்தது. விட்டம் 240 மைக்ரோமீட்டர், மூன்று தலைமுடியை ஒட்டி ஒட்டிப் படுக்கவைத்தால் வருகிற அகலம். குவியத் தொலைவு 90 மைக்ரோமீட்டர். ஒளியை வளைக்கிற அடுக்கின் உயரம் வெறும் 600 நானோமீட்டர், சிவப்பு ஒளியின் ஒரு அலைநீளம்கூட இல்லை. இவ்வளவு மெல்லிய ஒன்று பச்சை ஒளியை 375 நானோமீட்டர் அகலமுள்ள புள்ளியாகக் குவித்தது. அந்த நிறத்தில் இப்படிப்பட்ட லென்ஸுக்கு இயற்பியல் அனுமதிக்கிற மிகச் சிறிய புள்ளியே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதே எண்ணியல் துளை கொண்ட நுண்ணோக்கி ஆப்ஜெக்டிவ் ஒன்றோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள், தட்டையான லென்ஸின் புள்ளிதான் சிறியதாக இருந்தது. எண்ணியல் துளை என்றால் லென்ஸ் எவ்வளவு சாய்வான கோணம்வரை ஒளியைக் கூட்டிச் சேர்க்கிறது என்பதன் அளவு. காற்றில் அதன் உச்சம் 1, இந்த லென்ஸுக்கு 0.8.

ஹார்வர்டின் ஃபெடெரிகோ கபாசோ குழு இதை விவரித்த கட்டுரை சயின்ஸ் இதழில் வந்தது. அந்த ஆண்டின் முக்கிய சாதனைகளில் ஒன்றாக மெட்டாலென்ஸ் எனப்படும் இந்தத் தட்டை லென்ஸை அந்த இதழே பட்டியலிட்டது. கேமராவின் கண்ணாடி அடுக்குகள் இனி போய்விடும், எல்லாம் காகிதம்போல் ஆகிவிடும் என்ற பேச்சும் அப்போது பெரிதாகக் கிளம்பியது. நான் இந்த லென்ஸுக்குத் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் வேறு. அது ஏன் ஜெயித்தது என்பதும், அந்தப் பேச்சு ஏன் அப்படியே பலிக்கவில்லை என்பதும் அதே சில எண்களுக்குள் இருக்கின்றன. ஒரு தாளும் பள்ளி முக்கோணவியலும் இருந்தால் போதும், இரண்டையும் கண்ணால் பார்த்துவிடலாம்.

முன்கதை கொஞ்சம்

சாதாரண லென்ஸ் ஒளியைக் குவிப்பது அதன் பருமனால். கண்ணாடிக்குள் ஒளி மெதுவாகப் போகும், நடுவில் கண்ணாடி தடிப்பு, எனவே நடுவில் போகிற ஒளி தாமதமாகும், ஓரத்தில் போவது சீக்கிரம் வெளியேறும். ஓரத்துக் கதிர் குவியத்துக்குச் சாய்வாக நீண்ட வழி போகவேண்டும், நடுக்கதிருக்கு நேர்வழி. அந்த வித்தியாசத்தைக் கண்ணாடியின் தடிப்பு ஈடுகட்டுகிறது. எல்லா அலைகளும் குவியத்துக்கு ஒரே கட்டத்தில், அதாவது மேடும் மேடும் சேர, பள்ளமும் பள்ளமும் சேர வந்து விழுகின்றன.

ஆனால் அலைக்கு ஒரு குணம் உண்டு. ஒரு முழுச் சுற்று தள்ளினாலும் நூறு சுற்று தள்ளினாலும் அது பார்க்க ஒரே மாதிரி இருக்கும். மேடு சேர்வதுதான் வேண்டும் என்றால், அந்த நூறு சுற்றுத் தாமதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மீதிப் பின்னத்தை மட்டும் கொடுத்தால் போதாதா? அந்தப் பின்னத்தைக் கொடுக்க அலைநீளத்தைவிடச் சிறிய ஒரு தூண் போதும். மெட்டாபரப்பு என்கிற மொத்தத் துறையும் இந்த ஒரு கேள்வியின் மேல் நிற்கிறது.

இதே கபாசோ குழு 2011இல் இதைச் செய்து காட்டியிருந்தது. சிலிக்கான் மேல் வி வடிவத் தங்க ஆன்டெனாக்களை வரிசையாக வைத்து, 8 மைக்ரோமீட்டர் அலைநீள அகச்சிவப்பு ஒளியை, ஒளிவிலகலுக்கான வழக்கமான ஸ்னெல் விதி சொல்லாத திசையில் திருப்பினார்கள். பரப்பின் மேல் கட்டம் எந்த வேகத்தில் மாறுகிறதோ அதையும் ஸ்னெல் சமன்பாட்டில் சேர்த்துக்கொண்டால் திசை சரியாக வந்தது. அழகான சோதனை. ஆனால் தங்கம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை விழுங்கிவிடும். அது போதாதென்று, இப்படிப்பட்ட ஒற்றை மெல்லிய உலோக அடுக்கு, ஒளியின் தளவிளைவை, அதாவது ஒளி அதிரும் திசையை, மாற்றி அனுப்பும்போது 25 சதவீதத்துக்கு மேல் தரவே முடியாது என்பது கோட்பாட்டிலேயே இருக்கிற உச்சவரம்பு. லென்ஸாகப் பயன்படுத்த அது போதாது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அலைநீளத்தைவிடச் சிறிய டைட்டானியம் டை ஆக்சைடு தூண்களை வைத்து ஒளியைத் திருப்புவது 2016இல் திடீரென்று முளைத்த யோசனை இல்லை. பிரான்சில் பிலிப் லலான் குழு 1998லேயே அதைச் செய்து, நெருக்கமான கோடுகளால் ஒளியைத் திருப்புகிற வழக்கமான கீற்றணியைவிட அதிகத் திறனும் காட்டியது. மெட்டா என்ற பெயர் அப்போது ஒட்டவில்லை, அதனாலேயே பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது நியாயம் இல்லை என்பது என் கருத்து.

செதுக்கவில்லை, நிரப்பினார்கள்

சரி, 2016 லென்ஸுக்கு வருவோம். பொருள் டைட்டானியம் டை ஆக்சைடு, வெள்ளைப் பெயின்ட்டில் இருக்கிற அதே பொருள். கண்ணுக்குத் தெரியும் ஒளியை அது விழுங்குவதில்லை, ஒளிவிலகல் எண்ணும் ஏறக்குறைய 2.4, கண்ணாடியைவிட எவ்வளவோ அதிகம். எண் அதிகமானால் ஒளி தூணுக்குள் அடங்கி நிற்கும், பக்கத்துத் தூணோடு கலக்காது. சிலிக்கானுக்கு எண் இன்னும் அதிகம்தான், ஆனால் அது நீலத்தையும் பச்சையையும் விழுங்கிவிடும்.

பொருளைத் தேர்ந்தெடுப்பது எளிது. அதை 95 நானோமீட்டர் அகலத்தில், 600 நானோமீட்டர் உயரத்தில், சுவர் செங்குத்தாக நிற்கும்படி செய்வதுதான் பாடு. நீல ஒளிக்கான வடிவத்தில் அகலம் 40 நானோமீட்டர், அதாவது அகலத்தைப்போல 15 மடங்கு உயரம். டைட்டானியம் டை ஆக்சைடு படலத்தை மேலிருந்து அரித்தெடுத்தால் சுவர் சரிந்துவிடும், பக்கம் கரடுமுரடாகும், கரடில் ஒளி சிதறும். அந்தக் குழு எடுத்த வழியைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அவர்கள் தூணைச் செதுக்கவே இல்லை. தூணுக்கான அச்சை முதலில் செய்தார்கள்.

கண்ணாடித் தட்டின் மேல் 600 நானோமீட்டர் தடிப்புக்கு ரெசிஸ்ட் என்கிற பாலிமரைப் பூசி, எலக்ட்ரான் கற்றையால் எழுதி, கழுவினால் தூண் வரவேண்டிய இடமெல்லாம் பள்ளமாகிறது. பாலிமரில் செங்குத்துப் பள்ளம் எடுப்பது எளிது. அப்புறம் அணு அடுக்குப் படிவு முறையில் டைட்டானியம் டை ஆக்சைடைப் படியவைக்கிறார்கள். இந்த முறையில் படலம் மேலிருந்து மட்டும் கொட்டாது, பள்ளத்தின் எல்லாச் சுவரிலும் ஒரே சீராக வளரும். எனவே 600 நானோமீட்டர் ஆழத்தை அடியிலிருந்து நிரப்பவேண்டியதில்லை, இரண்டு பக்கச் சுவரிலிருந்தும் படலம் வளர்ந்து நடுவில் சந்தித்தால் பள்ளம் மூடிவிடும். 95 நானோமீட்டர் அகலப் பள்ளத்துக்குக் கணக்குப்படி அதில் பாதித் தடிப்பு போதும். பிறகு மேலே படிந்த மிச்சத்தை மட்டும் அரித்தெடுத்து, பாலிமரையும் நீக்கினால் தூண்கள் தனியாக நிற்கின்றன. சுவரின் வழவழப்பு பாலிமர் அச்சிலிருந்து வருகிறது, அரிப்பிலிருந்து வருவதில்லை.

வெப்பநிலை 90 டிகிரி செல்சியஸ்தான். சூடு கூடினால் பாலிமர் இளகிவிடும், படலமும் படிகத் துகள்களாகத் திரண்டு கரடாகும். ஆனால் குறைந்த சூட்டில் குளோரின் கலந்த மூலப்பொருளைப் பயன்படுத்தினால் படலத்தில் குளோரின் மிஞ்சிவிடும், எனவே குளோரின் இல்லாத வேறு மூலப்பொருள். எல்லாரும் லென்ஸின் படத்தைப் பகிர்ந்தார்கள், ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் மெட்டாலென்ஸ் சாத்தியமானதற்கு முதல் காரணம் இந்த அச்சு வேலைதான் என்று நான் நினைக்கிறேன்.

90, 120, 150

இப்போது தாளை எடுக்கலாம். விட்டம் 240 என்றால் ஆரம் 120. குவியத் தொலைவு 90. செங்கோண முக்கோணத்தின் கர்ணம் 150. நம் பள்ளிக்கூட 3, 4, 5 முக்கோணமேதான். நடுக்கதிர் 90 மைக்ரோமீட்டர் போகிறது, ஓரக்கதிர் 150 போகிறது, வித்தியாசம் 60. இதைப் பச்சை ஒளியின் 532 நானோமீட்டரால் வகுத்தால் ஏறக்குறைய 113. நடுவிலிருந்து ஓரம்வரை போவதற்குள் கட்டம் 113 முழுச் சுற்றுச் சுற்றவேண்டும் என்று அர்த்தம். அந்தச் சுற்றுகளையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுப் பின்னத்தை மட்டும் வைத்துக்கொண்டதால்தான் 600 நானோமீட்டரில் காரியம் முடிந்தது.

அந்தப் பின்னத்தைத் தூண் எப்படிக் கொடுக்கிறது? பச்சைக்கான லென்ஸில் எல்லாத் தூணும் ஒரே அளவு: நீளம் 250, அகலம் 95, உயரம் 600 நானோமீட்டர். மாறுவது ஒன்றுதான், ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பது. நீளவாக்கில் அதிரும் ஒளிக்கும் குறுக்குவாக்கில் அதிரும் ஒளிக்கும் தூண் வேறு வேறு தாமதம் கொடுக்கும், அந்த வித்தியாசம் சரியாக அரைச் சுற்றாக இருக்கும்படி அளவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட தூணில் வலஞ்சுழி வட்டத் தளவிளைவு ஒளி, அதாவது அதிரும் திசை வலப்பக்கமாகச் சுழன்றுகொண்டே வருகிற ஒளி, நுழைந்தால் இடஞ்சுழியாக வெளியேறும். கூடவே, தூணைத் திருப்பிய கோணத்தைப்போல இரண்டு மடங்கு கட்டம் அதில் ஏறிவிடும். தூணை 180 டிகிரி திருப்பினால் கட்டம் ஒரு முழுச் சுற்று. தூணை வளர்க்கவும் வேண்டாம், குட்டையாக்கவும் வேண்டாம்.

திருப்பினால் கட்டம் வரும் என்ற இந்த விஷயத்துக்கு வேர் 1956இல் இருக்கிறது. பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தில் இருந்த எஸ். பஞ்சரத்னம், தளவிளைவு நிலைகள் ஒரு மூடிய பாதையில் போய்த் திரும்பும்போது ஒளிக்கு ஒரு கூடுதல் கட்டம் சேர்கிறது என்று எழுதினார். வயது 22. மைக்கேல் பெர்ரி 1984இல் குவாண்டம் இயற்பியலில் அதன் பொது வடிவத்தைக் கண்ட பிறகுதான் உலகம் இவரைத் திரும்பிப் பார்த்தது. அதற்குள் பஞ்சரத்னம் இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. இன்று மெட்டாலென்ஸ் கட்டுரைகளில் பஞ்சரத்னம்-பெர்ரி கட்டம் என்ற பெயர் பார்க்காமல் போக முடியாது.

தூண்களை 325 நானோமீட்டருக்கு ஒன்று என்று வைத்திருக்கிறார்கள். வட்டத்தின் பரப்பை அந்தச் சதுரத்தால் வகுத்தால் சுமார் 4 லட்சத்து 28 ஆயிரம் தூண்கள். ஏன் 325? ஓரத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கே கட்டம் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற எடுத்துக்கொள்கிற தூரம் 532ஐ 0.8ஆல் வகுத்தால் வருவது, 665 நானோமீட்டர். அதற்குள் இரண்டே இரண்டு தூண்தான் நிற்கும். ஒரு சுற்றைச் சொல்லக் குறைந்தது இரண்டு புள்ளி வேண்டும், அதற்குக் கீழே போனால் லென்ஸ் வேறு திசைக்கும் ஒளியை அனுப்பத் தொடங்கிவிடும். ஆக ஓரத்தில் அடுத்தடுத்த தூண்களுக்கு இடையே கட்டம் ஏறக்குறைய அரைச் சுற்று மாறுகிறது, அதாவது ஒரு தூண் கிழக்கு மேற்காகப் படுத்திருந்தால் அடுத்தது கிட்டத்தட்ட வடக்கு தெற்காக. நடுவுக்குப் பக்கத்தில் வந்தால் தூண்கள் மெல்ல மெல்லத் திரும்புகின்றன. எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் இதை நேராகப் பார்க்கலாம், காற்றில் அசைகிற வயல் மாதிரி இருக்கும்.

விழும் ஒளியில் குவியத்துக்குப் போய்ச் சேரும் பங்கு, அதாவது திறன், 73 சதவீதம் என்று அளந்தார்கள். வட்டத் தளவிளைவு ஒளிக்கு மட்டும் என்பதை மறக்கக் கூடாது. மெட்டாலென்ஸ் கட்டுரைகளில் திறன் என்ற சொல்லைக் கண்டால் எதை எதனால் வகுத்திருக்கிறார்கள் என்று பார்ப்பது நல்லது, குழுவுக்குக் குழு அது மாறும்.

நிறம் கேட்ட கடன்

2016 சயின்ஸ் கட்டுரையில் 405, 532, 660 என்று மூன்று அலைநீளங்கள் வரும். படிக்கிறவர்களில் பலர் நீலம், பச்சை, சிவப்பு மூன்றையும் ஒரே லென்ஸ் குவித்தது என்று எடுத்துக்கொண்டார்கள். இல்லை, அவை மூன்று தனித்தனி லென்ஸ்கள். கட்டுரையில் தெளிவாகவே இருக்கிறது. பரபரப்பில் அது காணாமல் போனது.

பச்சை லென்ஸில் வேறு நிறம் விழுந்தால் என்ன ஆகும்? தூக்கிப் போட்ட அந்த 113 சுற்று, 532 நானோமீட்டருக்கு மட்டும்தான் முழுச் சுற்று. அலைநீளம் மாறினால் 113 என்பது 112.3 ஆகும், 111.8 ஆகும், பின்னம் தப்பாகிவிடும். விளைவு, குவியத் தொலைவு அலைநீளத்துக்கு ஏறக்குறைய தலைகீழ் விகிதத்தில் மாறும். அலைநீளம் 5 நானோமீட்டர் கூடினாலே குவியம் நடுவில் ஒரு மைக்ரோமீட்டர் அளவுக்கு முன்னால் நகர்ந்துவிடும். இந்த லென்ஸின் குவிய ஆழமே, அதாவது புள்ளி கூர்மை கெடாமல் முன்பின் நகரக்கூடிய தூரமே, கிட்டத்தட்ட அவ்வளவுதான். 5 நானோமீட்டர் என்பது கண்ணால் நிறமாற்றம் என்று சொல்ல முடியாத அளவு. கண்ணாடி லென்ஸிலும் நிறப்பிறழ்ச்சி உண்டு, ஆனால் இவ்வளவு மோசம் இல்லை, திசையும் எதிர்.

தூண் வடிவத்தைக் கெட்டிக்காரத்தனமாக மாற்றி இதைச் சரிசெய்துவிடலாம் என்றுதான் முதலில் யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. இன்னொரு கணக்குப் போட்டபோதுதான் உறைத்தது.

எல்லா நிறமும் ஒரே இடத்தில் குவியவேண்டும் என்றால், கட்டம் சேர்ந்தால் மட்டும் போதாது, நேரமும் சேரவேண்டும். வெள்ளை ஒளியின் மிகச் சிறிய ஒரு துடிப்பு லென்ஸ் முழுக்க ஒரே கணத்தில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓரத்தில் போனது 150 மைக்ரோமீட்டர் ஓடி வரவேண்டும், நடுவில் போனதற்கு 90தான். இரண்டும் ஒன்றாக வந்து சேர, நடுவில் போனதை 60 மைக்ரோமீட்டர் ஓடுகிற நேரம் நிறுத்திவைக்கவேண்டும். ஒளிக்கு அது 200 ஃபெம்டோ நொடி. ஒரு நொடியைப் பத்துக் கோடிக் கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஃபெம்டோ நொடி. கண்ணாடி லென்ஸ் இதைத்தான் செய்கிறது: ஒளிவிலகல் எண் 1.5 என்றால் நடுவில் சுமார் 120 மைக்ரோமீட்டர் கூடுதல் கண்ணாடி இருக்கும், அந்த வயிறு சுமக்கிற வேலை இந்த 200 ஃபெம்டோ நொடிதான். நம் தூணோ 600 நானோமீட்டர். அதற்குள் போகிற ஒளி காற்றில் போவதைவிட அதிகபட்சம் எவ்வளவு தாமதமாகும்? 1.4ஐ 600ஆல் பெருக்கி ஒளிவேகத்தால் வகுத்தால் 2.8 ஃபெம்டோ நொடி. வேண்டியது 200, கையில் இருப்பது 3கூட இல்லை.

கட்டத்தில் முழுச் சுற்றைத் தூக்கிப் போடலாம், அலை அதைக் கவனிக்காது. நேரத்தில் எதையும் தூக்கிப் போட முடியாது. தூணின் உயரத்தால் மட்டும் ஈடுகட்டவேண்டும் என்றால் 43 மைக்ரோமீட்டர் உயரத்துக்குத் தூண் நிற்கவேண்டும், அகலம் 95 நானோமீட்டரிலேயே இருக்க. தட்டையான லென்ஸ் என்ற பேச்சே அப்போது போய்விடுகிறது. ஒத்ததிர்வைக் கொண்டு தூணுக்குள் ஒளியைச் சற்றுக் கூடுதல் நேரம் பிடித்துவைக்கலாம், ஆனால் பிடிக்கிற நேரம் கூடக்கூட அது வேலை செய்கிற நிற அகலம் சுருங்கும். 2020இல் கார்னெலில் பிரெசுட்டியும் மொன்டிகோனும் இதையே முறையாக எழுதி, விட்டம், எண்ணியல் துளை, தடிமன், நிற அகலம் நான்கையும் ஒரே வரம்பில் கட்டிப்போட்டார்கள்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு 2018 தொடக்கத்தில் நேச்சர் நானோடெக்னாலஜியில் வந்த இரண்டு கட்டுரைகளைப் படித்தால் எல்லாம் விளங்கும். ஹார்வர்ட் குழு 470இலிருந்து 670 நானோமீட்டர்வரை ஒரே குவியம் உள்ள லென்ஸைக் காட்டியது, தைவானில் டின் பிங் சாய் குழு காலியம் நைட்ரைடில் 400இலிருந்து 660வரை. பெரிய வேலைகள். ஆனால் எண்ணியல் துளை முன்னதில் 0.2, பின்னதில் 0.106. சாய் குழு லென்ஸின் விட்டம் 50 மைக்ரோமீட்டர். அந்த இரண்டு எண்ணை வைத்து நடுவுக்கும் ஓரத்துக்கும் உள்ள நேர வித்தியாசத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள், சுமார் 4.4 ஃபெம்டோ நொடி வரும். ஒரு மெல்லிய அடுக்கு தரக்கூடியது எவ்வளவோ அவ்வளவுக்கு லென்ஸைச் சுருக்கியிருக்கிறார்கள். லென்ஸ் சிறியதாக இருப்பதைத் திறமைக் குறைவு என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன், அது தப்பு. இருந்த இடத்தை முழுக்கப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

அப்புறம் நடந்தது

நிறம்தான் பிரச்சினை என்றால் ஒரே நிறம் போதுமான வேலைக்குப் போகலாமே? அதுதான் நடந்தது. கபாசோவும் அந்த அச்சு முறையை உருவாக்கிய ராபர்ட் டெவ்லினும் 2016இல் மெட்டாலென்ஸ் என்ற ஒலியிலேயே, இசட்டில் முடியும் பெயரோடு ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். 2022இல் எஸ்டி மைக்ரோஎலக்ட்ரானிக்ஸின் தொலைவு அளக்கும் சென்சார்களில் அவர்களுடைய தட்டை ஒளியியல் சேர்ந்தது. லேசர் துடிப்பை அனுப்பி, திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரம் அறிகிற சென்சார் அது. அங்கே ஒளி 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒன்றுதான், குறுகிய பட்டை, விட்டமும் சிறியது. மேலே போட்ட கணக்கு அங்கே தொந்தரவே செய்யாது. கண்ணுக்குத் தெரியும் ஒளிக்காகப் புகழ்பெற்ற யோசனை கண்ணுக்குத் தெரியாத ஒளியில் வேலைக்குச் சேர்ந்தது, எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

சாய்ந்து வருகிற ஒளியில் படம் வால் முளைத்துச் சிதறுகிற குறையும் ஒற்றை மெட்டாலென்ஸில் உண்டு. அதற்குக் கால்டெக்கில் அர்பாபி, ஃபரவோன் குழு 2016லேயே இரண்டு மெட்டாபரப்பை அடுக்கி வழி காட்டியது, 850 நானோமீட்டர் ஒளியில்.

வண்ணப் படத்துக்கு இன்னொரு பாதையை 2021இல் பிரின்ஸ்டன், வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழுக்கள் எடுத்தன. அவர்கள் லென்ஸிடம் எல்லா நிறத்தையும் சரியாகக் குவி என்று கேட்கவில்லை. எப்படி மங்கினால் கணினியால் மீட்க முடியுமோ அப்படி மங்கு என்று கேட்டார்கள். அரை மில்லிமீட்டர் துளை, உப்புக்கல் அளவு, 16 லட்சம் தூண்கள். தூண்களின் வடிவத்தையும் படத்தை மீட்கிற நரம்பு வலைப்பின்னலையும் ஒன்றாகவே பயிற்றுவித்தார்கள். கிடைத்த படங்கள் நன்றாக இருக்கின்றன. இருந்தாலும் கணினி மீட்கிறபோது இரைச்சலும் கூடவே பெரிதாகும், எனவே வெளிச்சம் குறைந்த இடத்தில் இது எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

பெரிய விட்டத்துக்கு எலக்ட்ரான் கற்றை ஒத்துவராது, ஒவ்வொரு தூணையும் எழுதிக்கொண்டிருக்கவேண்டும். அதற்காக ஹார்வர்ட் குழு சிப் தயாரிக்கிற புறஊதா அச்சுமுறைக்கு மாறி, 2019இல் ஒரு சென்டிமீட்டர் லென்ஸை முழுக்கக் கண்ணாடியிலேயே செய்தது. 2024 தொடக்கத்தில் 10 சென்டிமீட்டர் விட்டம், 1,870 கோடி கண்ணாடித் தூண்கள். அதைத் தொலைநோக்கியாக்கிச் சூரியனையும் நிலாவையும் வட அமெரிக்க நெபுலாவையும் படமெடுத்தார்கள். அந்த நிலாப் படத்தைப் பார்த்து நான் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் வழக்கம்போல் தாளை எடுத்தேன். ஆரம் 50 மில்லிமீட்டர், குவியத் தொலைவு 150, கர்ணம் 158.1. வித்தியாசம் 8.1 மில்லிமீட்டர், 633 நானோமீட்டர் ஒளியில் ஏறக்குறைய 12,800 சுற்று. நேரமாகச் சொன்னால் 27 பிக்கோ நொடி, அதாவது 27,000 ஃபெம்டோ நொடி, 2016 லென்ஸைப்போல 135 மடங்கு. தூண்கள் தரக்கூடியது இன்னும் சில ஃபெம்டோ நொடிதான். நிலாவுக்கும் சென்சாருக்கும் நடுவில் அவர்கள் ஒரு நிற வடிகட்டியை வைத்திருந்தார்கள்.